புதிய தோட்டமும் பழைய கூலியும்

"அறிவுப் பொருளாதாரம்" என்னும் சொல் இந்நாளில் மந்திரிமார் முதல் மேடைப் பேச்சாளர் ஈறாக யாவர் வாயிலும் அடிபடுகின்றது. நிலமும் முதலும் உடலுழைப்பும் செல்வம் தந்த காலம் போய், அறிவே முதற்பொருளாக நின்று செல்வம் விளைவிக்கும் காலம் வந்துவிட்டது என்பது இச்சொல்லின் கருத்து. மலேசிய அரசாங்கம் 2002-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனித் திட்டமே வகுத்து வெளியிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்மவரில் அநேகர் இச்சொல்லைக் கேட்டுக் கைதட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பொருளாதாரத்தில் நம் பிள்ளைகளுக்கு எந்த இடம் ஒதுங்கியிருக்கின்றது என்று விசாரிப்பார் மிகச் சிலர். அவ்விசாரணையைச் செய்வதே இங்கு நமது நோக்கம். நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். கசக்கின்றதென்று மருந்தைக் கொட்டிவிடுவது நோயாளிக்கு அழகன்று.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். அறிவு செல்வம் தருவது இன்று பிறந்த புதுமை அன்று. நம் பாட்டன்மார் வெட்டிய பால்மரமே அறிவினால் நிலைபெற்ற தொழில்தான். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகள் பல்லாண்டுகள் வெறும் மரங்களாகவே நின்றன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலையின் தலைமையை ஏற்ற ரிட்லி என்பார், பட்டையை மெல்லிதாகச் சீவி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையைச் சோதித்து நிலைநாட்டிய பின்னரே ரப்பர் பெருந்தொழிலாவதற்கு வழி பிறந்தது. 1925-இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. சிலாங்கூரில் 1921-இல் அமைந்த பிராங் பெசார் தோட்டம், ஒட்டுக்கட்டி உயர்ந்த ரகங்களை உண்டாக்கியதால் உலகப் புகழ் பெற்றது. அத்தோட்டத்தின் முதலெழுத்துக்களைத் தாங்கிய 'பி.பி.' ரகங்கள் கடல் கடந்து பல நாடுகளிலும் நடப்பட்டன.

அந்த அறிவு யார் கையில் இருந்தது? பொழுது புலருமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைநிரையாக நடந்த நம் தாய்மாரிடமும் ஓர் அறிவு இருந்தது. கத்தி சிறிது ஆழ்ந்தால் மரம் காயப்படும். சிறிது மேலோடினால் பால் வடியாது. இருட்டில், மழை ஈரத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் நாள்தோறும் இந்நுட்பத்தைப் பிழையின்றிச் செய்த கை, அறியாமை மிகுந்த கை என்று எவரும் சொல்லத் துணியார். ஆயினும் எந்த ரகம் எத்தனை பால் தரும், எந்த மண்ணுக்கு எந்த உரம், லண்டன் சந்தையில் இன்றைய விலை என்ன என்னும் கணக்குகளெல்லாம் துரையின் மேசையிலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் இருந்தன. கைநுட்பத்துக்கு நாட்கூலி கிடைத்தது. கணக்குக்கும் ஆராய்ச்சிக்கும் லாபம் கிடைத்தது. நாம் அறிவுப் பொருளாதாரத்துக்குப் புதியவர்கள் அல்லர். அதனுள்ளேயே பல தலைமுறை இருந்தோம். அதன் அடித்தட்டில் இருந்தோம்.

அடித்தட்டிலேயே வைத்திருப்பதற்கென ஒரு கல்வியும் நமக்கு அளிக்கப்பட்டது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. சட்டம் நல்லதுதான், நடந்தது என்ன? அநேக தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலை பள்ளியாயிற்று. கங்காணியோ, கிராணியோ, மருந்து கொடுப்பவரோ வாத்தியாரானார். நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கையொப்பம் இடவும், சம்பளச் சீட்டைப் பார்க்கவும் தெரிந்தால் போதும். அதற்குமேல் தெரிந்தால் பிள்ளை மரத்தடிக்கு வரமாட்டான் என்பதே முதலாளியின் கணக்கு. அக்கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கூலி வேண்டியவன் கூலியை வளர்த்தான். நாம் வியப்பது, அதே அளவுகோலைத் தோட்டம் போன பின்னும் நம்மவர் கையில் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டே.

இவ்விடத்தில் நம்மவர்க்குள்ளேயே நடந்த ஓர் உண்மையை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். அதே தோட்டத்தில் துரைக்கும் கூலிக்கும் நடுவே கிராணி என்றொருவர் இருந்தார். அவர் நாற்காலியில் அமர்ந்தார். மாதச் சம்பளம் வாங்கினார். அவர் வீட்டுக்குத் தனிச் சுற்றுவேலி இருந்தது. கிராணிமாரிலும், ரயில்வே உத்தியோகஸ்தரிலும், அரசாங்க எழுத்தரிலும் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அவர்கள் பேசியதும் தமிழ்; கும்பிட்டதும் நாம் கும்பிட்ட சாமிகளையே. அவர்கள் தலையில் பிரமன் வேறு எழுத்தா எழுதினான்? யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-லேயே உயர்தரக் கல்விச்சாலை வைத்துக் கணிதமும் ஆங்கிலமும் இயற்கைச் சாத்திரமும் கற்பித்தார்கள். அதன் வழியில் ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. மலாயாவில் ரயில் பாதையும் கச்சேரியும் தோன்றியபோது, படித்த கை அங்கே தயாராக இருந்தது. பள்ளி இருந்த ஊரான் கிராணியானான். பள்ளி இல்லாத ஊரான் கூலியானான். விதி, ஜாதகம், முற்பிறப்பு என்று நாம் சுமந்து திரிந்த மூட்டைகளையெல்லாம் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்த ஒரு செய்திதான்.

இது நிற்க. இன்றைய நிலைமைக்கு வருவோம்.

ரகங்கள் பிறந்த அந்தப் பிராங் பெசார் தோட்டம் இன்று எங்கே? 1995-இல் வேலை தொடங்கி எழுந்த புத்ராஜெயா நகரம் அம்மண்ணின்மேல் நிற்கின்றது. 1996-இல் அரசாங்கம் வகுத்த தகவல் தொழில் நெடும்பரப்பின் நடுநாயகமாக அதன் அண்டையிலேயே சைபர்ஜெயா எழுந்தது. அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. அவ்வீடுகளின் சுவர்கள் வெடித்த கதையைப் பல்லாண்டுகள் பத்திரிகைகளில் படித்தோம். வடக்கே கெடாவில் கூலிம் உயர்தொழில் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972-லேயே சுங்கவரியற்ற தொழிற்பேட்டை தோன்றி, இன்டெல் கம்பெனியும் அதே ஆண்டில் வந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் அறிவித்த தேசியக் குறைகடத்தித் திட்டம், 60,000 பொறியியலாளரைப் பயிற்றுவிக்கப் போவதாகச் சொல்கின்றது. கைப்பேசி முதல் மோட்டார் வண்டி வரை ஓட்டும் அந்தச் சிறு சில்லுகளை வெறுமனே பூட்டிக் கொடுத்த நாடு, இனி அவற்றை வரையவும் போகின்றதாம். மகிழ்ச்சி.

நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்த 60,000 பேரில் லயத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதே தொழிற்பேட்டையின் வாயிலில் காவற்காரனாக நிற்பவன் யார்? நெடுஞ்சாலையில் மழையில் நனைந்து சோற்றுப் பொட்டலம் கொண்டு ஓடும் மோட்டார் சைக்கிள்காரன் யார்? தோட்டத்தில் பிரட்டுக் களத்தில் பெயர் வாசித்தார்கள். இன்று கைப்பேசி பெயர் வாசிக்கின்றது. எங்கே போ, எத்தனை நிமிடத்தில் போ, தாமதித்தால் இத்தனை வெள்ளி குறைவு என்று அது சொல்கின்றது. கங்காணி சாகவில்லை, தோழர்களே, கைப்பேசிக்குள் புகுந்துகொண்டான். இவ்வேலைகளைச் செய்வோரை நாம் இழித்துரைப்பதாக ஒருவரும் எண்ணவேண்டாம். நேர்மையான உழைப்பு எதுவும் இழிவன்று. பாட்டன் பால் வெட்டினான், தந்தை பூங்காவைக் காத்தான், பேரன் பொட்டலம் சுமக்கிறான் என்று தலைமுறை மாறியும் தட்டு மாறாமலிருப்பதே இழிவு.

தட்டு மாறாமைக்குக் காரணம் அரசாங்கம் ஒன்றே என்று சொல்லி இளைப்பாறுவோர் உண்டு. அரசாங்கத்தின் பங்கை நாம் மறைக்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளிக்கு வீடும் தொழிற்பயிற்சியும் தரவேண்டிய கடமை முழுதும் நிறைவேறவில்லை. 1957-இல் 800-க்கு மேலிருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேல் என்னும் அளவில் வந்து நிற்கின்றன. எஞ்சியவற்றிலும் பல, ஆட்களற்ற செம்பனைக் காட்டுக்குள் விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளோடு கிடக்கின்றன. பிள்ளைகள் நிறைந்த நகர்ப்புறத்துக்கு அவற்றைப் பெயர்க்கவும், பாலர் வகுப்பும் ஆய்வுக்கூடமும் அமைக்கவும் ஓயாது கேட்கவேண்டும், உரிமையாகக் கேட்கவேண்டும். ஆனால் அரசாங்கத்தைக் கேட்கும் வாய், வீட்டில் ஏன் மூடிக்கொள்கின்றது? அரசாங்கம் தடுக்காத காரியங்களை நாமே தடுத்துக்கொண்டிருக்கிறோமே, அதற்கு யாரிடம் மனுச் செய்வது?

பரீட்சைக் காலம் வந்தால் கோயில்களில் சிறப்பு வழிபாடு. பிள்ளைகளின் பேனாக்களைக் கூட்டிவைத்து அர்ச்சனை செய்து திருநீறு பூசிக் கொடுக்கிறார்கள். ஆண்டு முழுதும் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாராத தந்தை, அன்று மட்டும் வேட்டி கட்டி முன்வரிசையில் நிற்கிறார். பேனாவுக்குள் மை இருந்தால் எழுதும். மூளைக்குள் பாடம் இருந்தால் விடை வரும். திருநீறு எந்தச் சமன்பாட்டையும் தீர்த்ததாக நாம் அறியோம். சரஸ்வதிக்கு ஆண்டுதோறும் பூசை செய்யும் சமூகத்தின் பிள்ளை புத்தகமில்லாத வீட்டில் வளர்கின்றது. சரஸ்வதியையே அறியாத நாட்டார் சில்லு செய்து விற்கிறார்கள். வணங்குவது வேறு, கற்பது வேறு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? காவடிக்கும், ரதத்துக்கும், பட்டாசுக்கும், ஒருநாள் மணமேடை அலங்காரத்துக்கும் கடன் வாங்கிச் செலவிடும் கை, ஒரு நல்ல அகராதி வாங்கச் சுருங்குவது ஏன்?

கடவுள் நம்பிக்கையுடையோர் நம்மீது சீறலாம். அவர்கள் கும்பிடட்டும், நாம் தடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காரட்டும் என்கிறோம்.

அடுத்து, படித்த குடும்பத்தாரின் மயக்கத்தைப் பார்ப்போம். அவர்களுக்குத் தெரிந்த உத்தியோகம் இரண்டே: ஒன்று டாக்டர், மற்றொன்று வக்கீல். பிள்ளைக்கு விருப்பம் உண்டா, திறன் உண்டா என்று பாராமல், வீட்டை அடகு வைத்தும் சேமநிதியைக் கரைத்தும் எங்கோ ஒரு கல்லூரிக்கு அனுப்பி டாக்டர் பட்டம் வாங்க முனைகிறார்கள். இந்நாட்டில் 2016-ஆம் ஆண்டு இறுதி முதல் அரசாங்க மருத்துவமனைகளில் புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டதும், நிரந்தர வேலை கேட்டு அவர்கள் 2021 ஜூலையில் கறுப்புடையோடு வெளிநடப்புச் செய்ததும் இவர்கள் கண்ணில் படவில்லை போலும். டாக்டர் தொழில் உயர்ந்த தொழில். நோய் தீர்க்கும் ஆர்வமுள்ளவன் படிக்கட்டும். கல்யாணச் சந்தையில் விலை ஏறுமென்று படிக்க வைப்பது கல்வியாகாது. அது நகை வாங்குவதுபோல் ஒரு வாங்குதல்.

பழைய கிராணி வேலை மீது இன்னும் ஆசை வைத்திருப்போருக்கும் ஒரு சொல். கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல், தஸ்தாவேஜுகளைத் தொகுத்தல் ஆகிய காரியங்களைச் செயற்கை நுண்ணறிவு என்னும் இயந்திர அறிவு இன்று நொடியில் செய்யத் தொடங்கிவிட்டது. முன்னாளில் இயந்திரம் கூலியின் கையைப் பிடுங்கியது. இந்நாளில் எழுத்தரின் பேனாவைப் பிடுங்குகின்றது. நூறாண்டுக்கு முன் கூலி கிராணியாவது உயர்வு. இன்று கிராணியாவதை மட்டும் லட்சியமாகக் கொண்டால் பிள்ளை போய்ச் சேருமுன் நாற்காலியே இராது. சொன்னதைச் செய்பவனுக்கு இடம் குறைகின்றது. செய்யவேண்டியது யாதெனச் சிந்திப்பவனுக்கும், இயந்திரம் சொல்வது சரியா தவறா என்று சோதிக்கத் தெரிந்தவனுக்கும் இடம் பெருகுகின்றது. ஆகவே மனப்பாடம் செய்து சான்றிதழ் வாங்கும் பழைய கல்வி, அறிவுப் பொருளாதாரத்துக்கு ஆள் தயார் செய்யாது. புதிய கூலிகளையே தயார் செய்யும்.

மொழிச் சண்டை ஒன்றும் இடையே நிற்கின்றது. தமிழ்ப் பள்ளிக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடும் என்று நகரத்துக் கனவான்கள் சொல்கிறார்கள். தமிழ் ஒன்றே போதும், பிறமொழி எதற்கு என்று மேடையில் முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்போரும் உண்டு. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. 2009-இல் அதைக் கைவிட முடிவாகி 2012 முதல் படிப்படியாக நீங்கியது. அத்தனை ஆண்டுகளும் எந்த மொழியில் கற்பிப்பது என்று வாதாடினோம். கற்பிப்பவருக்குப் பாடம் தெரியுமா, பிள்ளை தன் கையால் ஒரு சோதனையேனும் செய்து பார்த்ததா என்று கேட்டோமா?

நமது கொள்கை தெளிவானது. குழந்தை எந்த மொழியில் 'ஏன்?' என்று கேட்கின்றதோ, அந்த மொழியில் அதற்கு முதல் விடை கிடைக்கவேண்டும். ஆகவே தமிழ்ப் பள்ளி வேண்டும். அப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகின்றது. முதற் படிவத்தில் மலாய் மொழியே பாட மொழி. மலாயில் தளர்ந்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டை இழந்து, அதனோடு ஊக்கத்தையும் இழக்கின்றது. ஆகவே தமிழ்ப் பள்ளியிலேயே மலாய் செம்மையாக வரவேண்டும். உலகத்தின் புதிய விஞ்ஞானம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. ஆங்கிலம் அறியாதவன் பிறர் மென்று துப்பியதையே உண்ண நேரும். ஆகவே ஆங்கிலமும் வேண்டும். மூன்றும் சுமையென்று புலம்புவோர், தெருவில் நான்கு மொழி பேசி விளையாடும் நம் பிள்ளையை உற்றுப் பார்க்கட்டும். தமிழ்ப் பள்ளிகளுக்கென நடைபெறும் அறிவியல் விழாக்களில் தோட்டத்துப் பிள்ளைகள் தாமே செய்த சோதனையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்குவதைப் பார்த்தோர், மூளையில் தாழ்வு உண்டென்று இனிப் பேசமாட்டார்.

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? கூட்டாக முயல்வது நமக்குப் புதிதன்று. 1950-களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று தமிழ் முரசு எழுப்பிய குரலைக் கேட்டு, கூலி வாங்கிய ஏழைத் தமிழரும் ஒவ்வொரு வெள்ளியாகக் கொடுத்து மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் பகுதிக்குத் தமிழ் நூல்கள் வாங்க நிதி சேர்த்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது தொழிலாளிகளின் சிறு சேமிப்பே தோட்டங்களை விலைக்கு வாங்கியது. ஜோகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், இந்தியப் பிள்ளைகளின் கல்வி பின்தங்கியதைக் கண்டு 1991-இல் சிண்டா அமைப்பு ஏற்பட்டது. அங்கே வேலை செய்யும் இந்தியரின் சம்பளத்திலிருந்து வருமானத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை அதற்குச் செல்கின்றது. அப்பணம் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளாகத் திரும்புகின்றது. நிலம் வாங்கக் கூடிய சமூகம் அறிவு வாங்கக் கூடாதா?

நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு தாமானிலும் தோட்டத்திலும் ஒரு படிப்பகம் வேண்டும். பெரிய கட்டிடம் தேவையில்லை, கோயில் மண்டபத்தின் ஓர் அறை போதும். கோயில் வருமானத்தில் ஒரு பங்கை நூலுக்கும் கணினிக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும் ஒதுக்குமாறு நிர்வாகத்தாரை ஊரார் கேட்கவேண்டும். மறுத்தால் அடுத்த தேர்தலில் ஆளை மாற்றவேண்டும்.

நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில் பெற்றோர் விழித்திருக்கவேண்டும். கூடுதல் கணிதமும் இயற்பியலும் கடினமென்று பிள்ளை விட்டுவிட்டால், பொறியியல் கதவு பதினாறு வயதிலேயே சாத்திக்கொள்கின்றது. பின்னர் எந்தத் தலைவரின் சிபாரிசும் அதைத் திறக்காது.

ஏட்டுப் படிப்பில் தளர்ந்த பிள்ளையைத் தண்டச் சோறென்று வைது விரட்டுவது கொடுமை. மலேசியத் திறன் சான்றிதழ் என்று ஒன்றுண்டு. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ். நான்காம் நிலை டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. எஸ்.பி.எம். பரீட்சையில் சறுக்கியவனும் மின்தொழிலிலோ இயந்திரத் தொழிலிலோ படிப்படியாக ஏறலாம். கைத்தொழிலை இழிவென்றது வருணாசிரமம். அந்த விஷம் இன்னும் நம் இரத்தத்தில் ஓடுவதால்தான் பட்டறைக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து உதட்டைச் சுழிக்கிறோம். கருவியின் உட்புறத்தை அறிந்த கை இந்நாளில் எந்த மேசைக்கும் தாழ்ந்ததன்று.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருப்பதே வெட்கம். பாயான் லெப்பாஸ் ஆலைகளில் முதல் தலைமுறைச் சில்லுகளை நுண்ணோக்கியின் கீழ்ப் பூட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்களே. கண்ணும் கையும் தந்தவளுக்கு வரைபடமும் வரும். தங்கையின் படிப்பை நிறுத்தி அண்ணனின் கடனை அடைக்கும் வழக்கமும், கல்யாணத்துக்குச் சேர்க்கும் பணத்தில் கால்பங்கைக்கூடக் கல்விக்குத் தராத வழக்கமும் ஒழியவேண்டும்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும், "எத்தனை மார்க்?" என்று கேட்பதை ஒரு மாதம் நிறுத்தி, "இன்று என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். 'ஏன்' என்று கேட்பவனைத் துரையும் விரும்பவில்லை, கங்காணியும் விரும்பவில்லை, புரோகிதனும் விரும்பவில்லை. மூவரும் ஒருசேர வெறுத்த அந்தக் கேள்வியில் ஏதோ பெரும் பயன் இருக்கவேண்டும் என்றாவது நாம் உணரவேண்டாமா?

தோழர்களே, பால்மரக் காட்டுக்கு நம் முன்னோர் வந்தபோது அவர்களுக்கு வேறு வழி இல்லை. பஞ்சமும் சாதியும் பின்னே நின்று துரத்தின. கப்பற் செலவைக் கடனாக ஏற்றிக் கங்காணி முன்னே நின்று இழுத்தான். இன்று எழும் புதிய தோட்டத்துக்குள் நம் பிள்ளைகளை அவ்விதம் தள்ளுவார் ஒருவரும் இல்லை. அதன் மேல்தட்டுக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. சில படிகள் உடைந்துமிருக்கின்றன. உடைந்தவற்றைச் செப்பனிடுமாறு ஆட்சியாளரை வற்புறுத்துவோம். உடையாதவற்றில் இன்றே காலை வைப்போம். பேனாவுக்குப் பூசை போட்டுக்கொண்டு அடிவாரத்தில் உட்கார்ந்திருப்போமானால், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கேட்பார்கள்: உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்ததே, நீங்கள் ஏன் எங்களையும் கூலிகளாகவே விட்டுச் சென்றீர்கள்? அக்கேள்விக்குச் சொல்ல நம்மிடம் விடை இராது.